வினையும் வருமுன் காத்தலும்

உயிர்கள் நுகரும் இன்பதுன்பங்கள் வினைப்பயன் என்பது நம் சித்தாந்த நூல்களின் துணிபு. பிணியும் துன்பமாதலின் அதுவும் வினைப்பயனேயாம். இதுபற்றி, ‘வரவேண்டிய பிணி வந்தே தீரும், அதனை வாராமற் காக்க முயலுதல் வீண், நிலையாத உடலைப் பேணுதல் பற்றுடைமையுமாம்’ என்பார் நம்முட் சிலர் உளர். இக்கூற்றினை நம்பி நல்லறிவுடையாரும் தம் உடலைக் கெடவிடுகின்றனராதலின், இது பொருந்துமோ என ஈண்டு ஆராய்வாம்.

இராசபாளையத்தை அடுத்த தளவாய்புரம் நெசவும் ஆடை தைத்தலும் தொழிலாகக் கொண்ட ஊர். பெண்டிர் அணியும் நைட்டி முதலியன அங்குத் தைக்கப்பெற்று வெளியூர்களுக்குச் செல்கின்றன. பண்டைக் கைத்தறி நெய்வோன் கையையும் காலையும் ஒருங்கே இயக்கிற்று. மின்விசையால் ஓடும் இக்காலத்துத் தையற்பொறியோ அவனை நாள் முழுதும் ஓரிடத்து இருத்திவிடுகின்றது. அயலதாகிய திருவில்லிபுத்தூரில், மடவார்வளாகத்தே, இறைவன் வைத்தியநாதன் என்னும் திருநாமத்துடன் எழுந்தருளியிருக்கின்றான். திருமலை நாயக்கரது வயிற்றுநோய் அப்பெருமான் அருளால் நீங்கிற்று என்பது அத்தலத்து வழங்கும் வரலாறு. 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவும் அவ்வூரதே. நாளெல்லாம் அமர்ந்து தொழில் செய்யும் ஒருவன் வைத்தியநாதனை வணங்கிப் பிணியின்மை வேண்டுகின்றான். மீளுங்கால் பால்கோவாவை வாங்கி அளவின்றி உண்கின்றான். இவ்வாறே ஆண்டுகள் பல கழிந்தபின் நீரிழிவு வந்துழி, ‘என் வினை’ என்கின்றான். இவன் வினைக்கொள்கையை உணர்ந்தவன் ஆவனோ? பால்கோவாவின்மேற் குற்றமில்லை, அளவு கடந்ததே குற்றம்.

வினை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படும். தொகுத்து வைக்கப்பட்டது சஞ்சிதம். அதனின்று இப்பிறப்பின் நுகர்ச்சிக்கு வந்தது பிராரத்தம். நுகருங்கால் புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். தன் பிராரத்தம் இவ்வளவினது என்பதை அறிந்தார் நம்முள் யாவர்? அஃது இறைவன் ஒருவனே அறிவது. அறியாத ஊழைக் காட்டி அறிந்த கடமையைக் கைவிடுதல் யாங்ஙனம் பொருந்தும்? பசித்துன்பமும் வினைப்பயனே, அதுபற்றி உண்ணாதிருப்பாரைக் கண்டிலேம். வந்த நோய்க்கு மருந்துண்ணல் தகும், வாராமற் காத்தல் மாத்திரம் ஊழொடு மாறுபடுதலாம் என்பது தன்னுள் முரணுவதாகும்.

திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. அந்நிலத்தின் இயல்பு அதுவென்று கேட்டும், வினையென்று அமைந்தும் பிள்ளையார் வாளா இருந்தாரல்லர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச் செய்தார். வினையெனக் கூறி உய்யும் வழி நாடாதிருத்தல் குறை என்பது அப்பதிகத் தொடக்கத்தின் கருத்து. ‘அவர் நாடியது திருவருளையன்றோ, உணவு நெறியையும் நடையையும் அன்றே’ எனின், அறிவும் மருந்தும் நல்லொழுக்கமும் அத்திருவருளின் வழிப்பட்டனவே என்க.

இனிப் பற்றுடைமை என்பதனை நோக்குவாம். ஆணவ இருளில் அழுந்திய உயிர்க்கு மாயையின் காரியமாகிய உடல் விளக்குப் போல்வது என்பது நம் ஆசிரியர் கொள்கை. விடியுமளவும் விளக்கைத் தூண்டி எண்ணெய் பெய்பவன் விளக்கின்மேற் பற்றுடையனல்லன். வழி காணும் விருப்புடையன். திருமூலரும் முதலில் உடலை இழிவெனக் கருதிப் பின்னர் அது இறைவன் உறைவிடமெனக் கண்டு ஓம்பியதாகத் திருமந்திரத்துக் கூறுகின்றார். திருவள்ளுவர் ‘மருந்து’ என அதிகாரம் வகுத்து, அதன் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கினார். மருத்துவன் செயல் அதன்பின்னரே வருகின்றது.

முயற்சியின் பயன் எவ்வளவினது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்றுண்டு. நீரிழிவின் எல்லையை அணுகியிருந்த 531 பேரைச் சென்னை மருத்துவ அறிஞர் அ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2006-ஆம் ஆண்டில் முடிபு வெளியிட்டனர். மூன்றாண்டளவில், வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டோருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுற்றனர். உணவை அளவுபடுத்தி நாடோறும் நடந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேரே உற்றனர். மருந்து உட்கொண்டோர் பெற்ற பயனும் ஏறத்தாழ இவ்வளவே.

இவ்வெண்கள் இரண்டு உண்மைகளைப் புலப்படுத்துகின்றன. ஒழுகியோருட் பலர் பிழைத்தனராதலின் முயற்சி வீணன்று. அங்ஙனம் ஒழுகியும் 39 பேர் நோயுற்றனராதலின், நலமுடையான் ‘என் ஒழுக்கத்தால் நலமுற்றேன்’ எனச் செருக்குதற்கும், நோயுற்றானை ‘நெறி தவறினான், தீவினையாளன்’ என இகழ்தற்கும் இடமில்லை. வினைக்கொள்கை பிறர் துன்பத்தை அளக்கும் கோலன்று. நமக்கு வந்ததைப் பொறுத்தற்கும் இனிச் செய்வதைத் திருத்துதற்கும் உரியது. முயற்சி நம்முடையது, பயன் இறைவனுடையது என்று அமைதலே சித்தாந்த நெறி.

செய்யத்தக்கன எளியன. முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்டல், உப்பினை உலக நலவாழ்வு நிறுவனம் கூறுமாறு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்படுத்தல், நாடோறும் அரைமணி நேரமேனும் விரைந்து நடத்தல், புகையிலையை ஒழித்தல், காலத்தே உறங்கல். குருதியழுத்தமும் நீரிழிவும் தொடக்கத்திற் பெரும்பாலும் குறி காட்டாதனவாதலின், நோயில்லை என்றிருக்கும்போதே அவற்றை அளந்தறிதல் வேண்டும். இதற்கென 2021-ஆம் ஆண்டில் அரசினர் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இல்லந்தோறும் பணியாளரை அனுப்புகின்றது. வந்தவர்க்குக் கை நீட்டுதற்கும் சோம்புவோமாயின் அதனை ஊழின்மேல் ஏற்றுதல் அறமாகாது.

திருமடங்களுக்கும் இதிற் கடமையுண்டு. மாகேசுர பூசையிற் படைக்கும் உணவு அடியார் உடலை வளர்ப்பதாக வேண்டும். இனிப்பையும் உப்பையும் நெய்யையும் வரைவின்றிப் பெய்தல் விருந்தோம்பலின் பெருமையன்று. அப்பரடிகள் முதுமையினும் உழவாரப் படையைக் கைவிட்டிலர். அவர் வழி நிற்போம் என்னும் நாம் திருக்கோயிலை வலம் வருதற்கும் திருவீதியைத் தூய்மை செய்தற்கும் வல்ல கால்களையும் கைகளையும் காத்துக் கொள்ளுதல், தொண்டின் புறத்ததன்று, தொண்டின் தொடக்கமேயாம்.