நாள் என்ன செய்யும்?



பிள்ளைக்குக் கலியாணம் பேசினாலும், வீட்டுக்கு அத்திவாரம் போடப் புறப்பட்டாலும், "நல்ல நாளா?" என்று பஞ்சாங்கம் பார்க்கும் வழக்கம் நம் கத்தோலிக்க வீடுகள் சிலவற்றிலும் உண்டு. நாள்களிலே நல்லது, கெட்டது என்று இறைவன் வகுத்தாரா? ஓகஸ்ட் 9ஆம் திகதியை எடுத்துப் பாருங்கள்.

1942ஆம் ஆண்டு. யூதக் குடும்பத்திற் பிறந்து, மெய்யியல் கற்று, 1922இல் ஞானஸ்நானம் பெற்றுக் கார்மேல் கன்னியரானவர் எடித் ஸ்டைன். யூதர்கள் நாடுகடத்தப்படுவதைக் கண்டித்து ஒல்லாந்து ஆயர்கள் விடுத்த சுற்றுமடல் யூலை 26இல் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. நாசிகள் பழிவாங்கினர். யூத இனத்துக் கத்தோலிக்கர் ஓகஸ்ட் 2இல் கைதாகினர். 9ஆம் திகதி, தம் சகோதரி றோசாவுடன் அவுஸ்விட்ஸ் முகாமில் அவர் கொல்லப்பட்டார். 1998இல் திருச்சபை அவரைப் புனிதையாக உயர்த்தியது.

1943ஆம் ஆண்டு. பிரான்ஸ் யேகர்ஸ்டேற்றர் ஒஸ்திரியாவின் சிற்றூர்க் கமக்காரர். வீட்டிலே மனைவியும் மூன்று சிறு பெண்பிள்ளைகளும். ஹிட்லரின் போரில் ஆயுதம் எடுப்பது பாவம் என்று மறுத்தார். "குடும்பத்தை நினைத்துப் பார்" என்று ஊராரும் குருக்களும் புத்தி சொன்னார்கள். அவர் மனச்சாட்சி இணங்கவில்லை. அதே ஓகஸ்ட் 9இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். 2007இல் முத்திப்பேறு பெற்றவரானார்.

1945ஆம் ஆண்டு. யப்பானின் நாகசாக்கி நகரம். தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாக உறகாமி பேராலயத்திலே பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. முற்பகல் 11.02க்கு அணுகுண்டு வெடித்தது. குருக்களும் விசுவாசிகளும் அங்கேயே மாண்டனர். அப்பகுதியின் ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கரில் 8,500 பேர் வரையில் இறந்தனர். குண்டைக் கொண்டுசென்ற விமானத்தின் தலைமை விமானியும் ஒரு கத்தோலிக்கரே!

இந்த இடத்திலேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். ஆலயத்துள்ளே பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்திருந்தவரும் ஞானஸ்நானம் பெற்றவர். ஆகாயத்திலிருந்து குண்டு போட்டவரும் ஞானஸ்நானம் பெற்றவர். யேகர்ஸ்டேற்றருக்குப் புத்தி சொன்ன அயலவரும் ஞாயிறு பூசைக்குத் தவறாதவர்களே. கட்டளை வந்தது, செய்தோம் என்பது ஆண்டவர் முன்னிலையில் போதிய மறுமொழியாகுமா?

இது தூரத்து நாட்டுக் கதையல்ல. 1995 யூலை 9இல் நவாலி புனித பேதுரு ஆலயத்திலே தஞ்சமடைந்தோர் மீது குண்டு விழுந்ததை நம் மக்கள் கண்ணாற் கண்டார்கள். நமக்கு நேர்ந்ததை எண்ணி அழத் தெரிந்த நாம், நம்மவர் கையால் மற்றவனுக்குத் தீங்கு நேரும்போதும் "இது பாவம்" என்று சொல்லத் துணிகிறோமா?

ஓகஸ்ட் 9 தன்னளவில் நல்ல நாளுமல்ல, கெட்ட நாளுமல்ல. ஒருவர் அதைக் கொலைநாளாக்கினார்; இன்னொருவர் சாட்சிய நாளாக்கினார். இடிந்த உறகாமி ஆலயத்தின் மணியைக் கற்குவியலிலிருந்து தோண்டியெடுத்து, அவ்வாண்டு நத்தார் இரவிலே ஒலிக்கச் செய்தார்கள் எஞ்சியிருந்த மக்கள்.

பெற்றோரே, ஓகஸ்ட் 9 மாலை, குடும்பச் செபமாலை முடிந்தபின் இம்மூன்று வரலாறுகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பஞ்சாங்கத்தை மூடிவைத்து மனச்சாட்சியைத் திறந்து பார்க்க அவர்களைப் பழக்குங்கள். விடிகின்ற ஒவ்வொரு நாளும் இறைவன் தருவது; அதை நல்ல நாளாக்குவது நம் பொறுப்பு.