காப்பவர் பாதம்

சோழர், பாண்டியர் காலத்துத் தானக் கல்வெட்டுகளில் முதல் வரிகளைவிடக் கடைசி வரி பலமுறை ஆழமானது. நிலம், பொன், ஆடு என்று கொடுத்ததையெல்லாம் எல்லை சொல்லி எழுதி முடித்த பிறகு, இந்த அறத்தைக் காப்பவருடைய பாதம் தன் தலைமேல் இருக்கும் என்று கொடுத்தவர் சொல்கிறார். கொடுத்தவர் அரசராகவும் இருக்கலாம். காக்கப்போகிறவரோ இன்னும் பிறக்காத, யாரென்றே தெரியாத ஒருவர். செப்பேடுகள் பலவற்றில் வரும் வடமொழிச் செய்யுள் ஒன்று கொடுத்தலையும் காத்தலையும் நேராகவே எடைபோடுகிறது. கொடுத்தவருக்குச் சொர்க்கம், காத்தவருக்கு அழியாத பதம் என்பது அதன் தீர்ப்பு. புண்ணியம் தீர்ந்ததும் சொர்க்கத்திலிருந்து திரும்பித்தான் ஆக வேண்டும் என்று நம்பியவர்கள் எழுதியது இது. அவர்களுக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல.

இன்று வீடு வைத்திருப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்து ஊரைக் கூட்டுகிறோம். ஒழுகும் தளத்துக்கும், உப்புப் பூத்த சுவருக்கும், அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாய்க்கும் போகும் பணத்தைத் தண்டச் செலவு என்கிறோம். அந்தச் செலவுதான் வீட்டுடைமையின் அறம் முழுவதையும் தாங்குகிறது என்பது என் வாதம். காக்க முடிந்த அளவுக்கு மேல் கட்டுவதும் வாங்குவதும், எவ்வளவு ஆசையோடு செய்தாலும், பின்னால் வருபவர் தலையில் கடனைக் கட்டுவதுதான்.

பழையவர்கள் இதை வெறும் உபதேசமாக விட்டுவிடவில்லை, கணக்காகவே செய்து வைத்தார்கள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் என்பது பல கல்வெட்டுகளில் காணப்படும் அளவு. அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். ஆடு சாகும், மூப்படையும். குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்து, நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளப்பது இடையரின் பொறுப்பு. விளக்கைக் கொடுத்ததோடு தானம் முடியவில்லை. விளக்கு அணையாதிருக்கும் வழியும் அதனோடு சேர்ந்தே கொடுக்கப்பட்டது. கோயிலைப் பழுது பார்ப்பதற்கென்றே தனியாக விடப்பட்ட நிலத்துக்குப் புதுக்குப்புறம் என்று பெயர். கட்டடம் பழுதாகும் என்பதைக் கட்டும் தலைமுறையே ஒப்புக்கொண்டு அதற்கு விளைநிலம் ஒதுக்கியது.

அளவாகக் கட்டினால் பெரிய கலை எப்படிப் பிறக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நான் சொல்லும் குறை பெருமையில் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலைவிடப் பெரிதாக அந்தக் காலத்தில் யார் கட்டினார்கள்? அந்தக் கோயிலின் சுவர்களிலேயே கோயில் பணி செய்த 400 தளிச்சேரிப் பெண்களுக்கு ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் உண்டு என்று ராஜராஜன் வெட்டி வைத்திருக்கிறான். கணக்கர், தச்சர், பாடுவோர் என்று பட்டியல் இன்னும் நீள்கிறது. விமானத்தின் உயரத்துக்கு ஈடாக இந்தப் பட்டியலையும் போற்ற வேண்டும்.

செட்டிநாடு இந்த வாதத்தின் இரு பக்கங்களையும் நகரத்தார் என்ற ஒரே சமூகத்துக்குள் காட்டுகிறது. காரைக்குடி, கானாடுகாத்தான் ஊர்களில் பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்கும் இழைத்து, முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சில் கட்டிய வீடுகளுக்கு வருமானம் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தது. பிறகு அங்கே நிலங்கள் அரசுடைமையாயின. வருமானம் நின்றது, ஓடு மாற்றும் செலவு நிற்கவில்லை. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சரி என்றால் இன்னொருவர் சம்மதிக்க வேண்டும். பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சில இடிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிட்டன. அதே நகரத்தார் 1813இல் காசியில் தொடங்கிய சத்திரம் இன்றும் யாத்திரிகர்களுக்கு இடம் கொடுக்கிறது. விசுவநாதருக்குப் பூசைப் பொருள்கள் அங்கிருந்து நாள்தோறும் போகின்றன. பக்தி இரண்டு இடத்திலும் இருந்தது. சத்திரத்துக்கு நிர்வாகம் இருந்தது, காப்பது யார் பொறுப்பு என்ற தெளிவும் இருந்தது.

சமயத்தின் பக்கமிருந்தே இதற்கு ஒரு வலுவான மறுப்பு வரும். உடம்பே நிலையாதபோது சுவருக்கு எதற்கு இத்தனை கவலை, இது பற்றுதானே என்பார்கள். நிலையாமையை எவரையும்விட அழுத்திச் சொன்ன பௌத்தத்தை இங்கே பார்க்க வேண்டும். சங்கத்துக்குச் சொந்தமான கட்டிலையோ நாற்காலியையோ மெத்தையையோ வெளியில் போட்டுவிட்டு, எடுத்து வைக்காமலும் யாரிடமும் சொல்லாமலும் புறப்படும் துறவிக்கு, துறவியர் ஒழுக்க விதிகளான விநயத்தில் குற்றம் உண்டு. விகாரைகளின் கட்டட வேலையையும் பழுதையும் கவனிக்க ஒரு பிக்குவை நியமிக்கும் முறையும் அதில் உண்டு. எல்லாம் அழியும் என்று அறிந்தவர்களே ஒரு நாற்காலி மழையில் நனையக் கூடாது என்று விதி செய்தார்கள். தன் பெயர் எங்கும் பொறிக்கப்படாத வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்வதில் பற்றைவிடத் துறவே அதிகம் என்பேன்.

சுவருக்குச் சொன்னது வீட்டுச் சாமான்களுக்கும் பொருந்தும். அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தும் இல்லறத்தானின் கொலைக்களங்கள் என்கிறது மனு தர்மம். அறியாமல் சாகும் உயிர்களுக்காக நாள்தோறும் ஐந்து வேள்விகளைப் பரிகாரமாக விதிக்கிறது. அந்த நூலின் வேறு பலவற்றை நான் ஏற்கவில்லை, ஆனால் ஒவ்வொரு சாமானும் ஒரு கடமையோடுதான் வீட்டுக்குள் வருகிறது என்ற இந்தப் பார்வை சரி. சமணம் இல்லறத்தாரை நிலம், வீடு, பொன், தானியம் தொடங்கித் தட்டுமுட்டுச் சாமான் வரை முன்கூட்டியே அளவு வரையறுக்கச் சொல்கிறது. மாடுலர் கிச்சனும் ஃபால்ஸ் சீலிங்கும் பார்க்க அழகுதான். அவற்றுக்காகத் தளத்தின் நீர்க்கசிவைத் தள்ளிப்போடுவது தவறு. விருந்தினர் கண்ணில் படும் செலவு முந்திக்கொள்ளும்போது வீடு குடியிருப்போரைக் காப்பதை விட்டுவிடுகிறது.

மாதத் தவணை கட்டவே திணறும் குடும்பத்திடம் இதைப் பேசுவது கொடுமை இல்லையா? எனக்கும் உறுத்துவது இந்தக் கேள்விதான். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அநீதி வீடு வாங்கும் நாளிலேயே நடந்துவிடுகிறது. எவ்வளவு கடன் கிடைக்கும் என்று எல்லாரும் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள், காக்க எவ்வளவு ஆகும் என்று எவரும் சொல்வதில்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் ஆண்டு மதிப்பில் நகராட்சி வரி போக 30 சதவீதத்தை, ரசீது கேட்காமல், வருமான வரிச் சட்டமே கழித்துக்கொள்ள விடுகிறது. வீடு தின்னும் என்பது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. பணமாக எண்ணப்படாத பங்கு இதில் இன்னொன்று உண்டு. அன்றாடம் பெருக்கி, துடைத்து, பூஞ்சையைச் சுரண்டும் வேலை பெரும்பாலும் பெண்கள் மேல் விழுகிறது. கட்டியவர் பெயர் வாசலில் பளிங்கில் இருக்க, காப்பவருக்குப் பத்திரத்தில்கூடப் பெயர் இல்லாத வீடுகள் ஏராளம்.

ஆகவே வீடு வாங்கப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: அறையின் எண்ணிக்கையைக் கடன் தகுதியை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆண்டுப் பழுதுச் செலவை வைத்து முடிவு செய்யுங்கள். அதற்கென ஒரு தொகையை முதல் மாதமே தனியாக ஒதுக்குங்கள். பத்திரத்தில் வீட்டைக் காப்பவரின் பெயரையும் எழுதுங்கள்.