யாருடைய பொழுது?

சென்ற ஆண்டு ஆறு மாத காலம் திருவேற்காட்டு வீட்டைப் பூட்டிவிட்டு, நானும் என் மனைவியும் மெல்போர்ன் நகரத்தில் எங்கள் மகன் வீட்டில் தங்கியிருந்தோம். ஜூன் மாதம் போய் நவம்பர் கடைசியில் திரும்பினோம். வந்ததும் தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அங்கே பொழுது எப்படிப் போயிற்று?"

கேட்டவர்கள் சாதாரணமாகத்தான் கேட்டார்கள். எனக்குத்தான் அது சாதாரணக் கேள்வியாகப் படவில்லை. பொழுது தானாகப் போகிறதா, அல்லது நாம் அதைப் போக்குகிறோமா? போக்கி விட வேண்டிய பொருள்தானா அது? அந்த ஆறு மாதமும் என் மனத்தைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இதுதான்.

மகன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் என்பதால் அவர்களை அந்த நாட்டவர் என்றே நினைத்திருந்தேன். இல்லை, அமெரிக்காவிலிருந்து வந்து முப்பது வருஷமாக அங்கே குடியிருப்பவர்கள். "நிறமும் மொழியும் ஒன்றுதான். ஆனாலும் வாயைத் திறந்தால் 'எந்த ஊர்?' என்று எங்களையும் கேட்கிறார்கள்" என்று அந்தப் பெரியவர் சிரித்தார். அவர்களுடைய சுதந்திர தினமான ஜூலை 4 அங்கே நடுக்குளிர் காலத்தில் வருகிறது. கிறிஸ்துமஸ் கொளுத்தும் வெயிலில் வருகிறது. முப்பது வருஷம் ஆன பிறகும் பண்டிகைகள் வழி தவறி வந்தவை போலவே தோன்றுகின்றன என்றார்.

என்னைக் கவர்ந்தது அவர்களுடைய மாலை வேளை. தினமும் நாலரை மணிக்கு வீட்டு முகப்பில் இரண்டு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, தேநீர்க் கோப்பையுடன் உட்கார்ந்துவிடுவார்கள். குளிராக இருந்தால் கம்பளியைப் போர்த்திக்கொள்வார்கள். கையில் பத்திரிகை இராது. தொலைபேசி உள்ளே மணி அடித்தாலும் எழுந்து போக மாட்டார்கள். பேசுவார்கள், பல நாள் பேசாமலும் இருப்பார்கள். இருட்டியதும் எழுந்து போவார்கள்.

ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் சொன்ன கதை இது. அமெரிக்காவில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் கிடையாது. கொடுத்தால் முதலாளியின் மனசு. ஆஸ்திரேலியாவிலோ நிரந்தர வேலையில் இருப்பவனுக்கு வருஷத்துக்கு நாலு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்பது சட்டம். "முதல் வருஷம் அந்த நாலு வாரத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை பழக்க தோஷத்தில் அலுவலகத்துக்குப் போனேன், கதவு பூட்டியிருந்தது. திரும்பி வந்தேன். என் மனைவி இந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்தாளோ!" என்றார்.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1856 ஏப்ரல் 21 அன்று மெல்போர்னில் கல் தச்சர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஊர்வலமாகப் போனார்கள். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், மீதி எட்டு மணி எங்களுக்கு என்பது அவர்கள் கோரிக்கை. வென்றார்கள். அந்த வெற்றிக்காக எழுப்பிய தூணின் உச்சியில் 888 என்று மூன்று எட்டுக்கள் நிற்கின்றன. பார்த்தபோது எனக்கு நம் மெரினா கடற்கரையின் உழைப்பாளர் சிலை ஞாபகம் வந்தது. நாலு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள், அற்புதமான சிலை. 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியதும் கடற்கரையில்தான். ஆனால் நம் சிலை முதல் எட்டு மணியை மட்டும் காட்டுகிறது. பாறையைப் புரட்டி முடித்தபின் அந்த நாலு பேரும் எங்கே போனார்கள், யாரோடு உட்கார்ந்தார்கள் என்பதை யாரும் வடிக்கவில்லை.

அதற்காக, பொழுது கிடைத்தவன் எல்லாம் வாழத் தெரிந்தவன் என்று சொல்லிவிடவும் முடியாது. கல் தச்சர்கள் போராடிப் பெற்ற அதே பொழுதை அந்த நாட்டு மக்கள் சூதாட்ட யந்திரங்களின் முன்னால் கொட்டுவதையும் பார்த்தேன். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் உலகத்தில் சூதில் அதிகம் இழப்பவர்கள் ஆஸ்திரேலியர்கள்தாம். நவம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை மெல்போர்னில் அரசாங்க விடுமுறை. காரணம் ஒரு குதிரைப் பந்தயம்! மனிதன் உழைப்பதே ஓய்வுக்காகத்தான் என்று அரிஸ்டாட்டில் கருதினார். நாலு மணி நேர வேலை போதும் என்று 1932-இல் பெர்ட்ரண்டு ரஸ்ஸல் வாதாடினார். இருவரும் பொத்தானை அழுத்திக்கொண்டு ஒற்றையாக உட்கார்ந்திருக்கும் மனிதனை நினைத்து அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சூது என்றதும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான மூர்க்க நாயனார் திருவேற்காட்டில் பிறந்தவர். அடியார்களுக்கு அமுது படைத்த பிறகே தாம் உண்பவர். படைத்துப் படைத்துக் கைப்பொருள் தீர்ந்தது, நிலமும் விற்றாயிற்று. தமக்குத் தெரிந்த சூதாட்டத்தைத் தொழிலாக்கிக்கொண்டார். உள்ளூரில் ஆட ஆள் இல்லாமல் ஊர் ஊராகப் போய்க் கும்பகோணத்தில் தங்கினார். வென்ற பணத்தைத் தம் கையால் தொடாமல் சமையற்காரர்களிடம் சேர்ப்பித்தார். எல்லாரும் உண்டபின் கடைப்பந்தியில் உண்டார்.

யந்திரத்தின் முன் இருப்பவனும் ஆடுகிறான்; நாயனாரும் ஆடினார். அவன் ஆடுவது பொழுதைக் கொல்ல. இவர் ஆடியது பிறர் பசியைக் கொல்ல. ஆகையால், ஒருவன் தன் நேரத்தில் என்ன செய்கிறான் என்பதைவிட, யாருக்காகச் செய்கிறான் என்பதே முக்கியம் என்று முடிவு கட்டினேன். மெல்போர்னில் ஒரு மாலை, இந்த முடிவை என் மனைவியிடம் பெருமையோடு சொன்னேன். அடுப்படி ஜன்னல் வழியாக அடுத்த வீட்டு நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"நாயனாருக்கு மூர்க்கர் என்று ஏன் பேர் வந்தது?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. தோற்றுவிட்டுப் பணம் தர மறுத்தவர்களை அவர் சுரிகையை உருவிக் குத்தினார்; அதனால் வந்த பேர் அது.

"ஊருக்குச் சோறு போடத்தானே குத்தினார்? குத்துப்பட்டவனுக்கு வலிக்காதா?" என்றாள். சிறிது நேரம் கழித்து, மிகச் சாதாரணமாக, "நாற்பது வருஷமாக உங்கள் கதையில் வருகிற பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் என்ன நினைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மாலை ஐந்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை நான் எழுதுகிற நேரம். அந்த நேரத்தில் வீட்டில் பாத்திரம்கூடச் சத்தம் போடக் கூடாது. வாசகர்களுக்காக எழுதுகிறேன் என்ற நியாயம் எனக்கு இருந்தது. அது பொய்யும் அல்ல. ஆனால் அந்த நியாயத்தையே சுரிகையாக வைத்துக்கொண்டு ஒருத்தியின் நாற்பது வருஷத்து மாலைகளை அறுத்திருக்கிறேன். சூதாடி தன் பொழுதைத்தான் இழக்கிறான் என்று நினைக்கிறோம். இல்லை, வீட்டில் காத்திருப்பவளின் பொழுதையும் சேர்த்தே பணயம் வைக்கிறான். நல்ல காரியத்தில் மூழ்கியிருப்பவனும் அதையே செய்ய முடியும். அவனிடம் கணக்குக் கேட்க யாருக்கும் துணிவு வராது, வித்தியாசம் அவ்வளவுதான்.

பிறருக்காக என்பது பெரிய சொல். அந்தப் பிறரில் முதலாவதாக நிற்பவர் மிக அருகில் இருப்பதாலேயே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார். ஓய்வு என்பது களைப்புத் தீருவது மட்டும் அல்ல. அதை உறக்கமே செய்துவிடும். இன்னொருவருக்குச் செவி கொடுக்க மனம் காலியாக இருக்கும் நேரம் எதுவோ அதுவே ஓய்வு. மூன்றாவது எட்டின் பொருள் அதுதான் என்று அந்த அமெரிக்கப் பெரியவர் பூட்டிய கதவைப் பார்த்த பிறகு கண்டுகொண்டார். எனக்கு அதுவும் போதவில்லை. மனைவி வாயைத் திறந்து கேட்க வேண்டியிருந்தது.

அங்கேயே வந்து தங்கிவிடும்படி மகன் வற்புறுத்துகிறான். எந்த ஊர் நல்லது என்று இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பேசுகிறோம் என்பதே எனக்குப் புதிது. கருமாரியம்மன் கோவிலுக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்தபடி மாலையில் வாசற்படியில் உட்காருகிறோம். இந்த வருஷம் ஒரு பத்திரிகையில் தொடர்கதை கேட்டார்கள். முடியாது என்று எழுதிவிட்டேன். வருமானம் குறைந்தது உண்மை. எழுதாத கதை மனத்தை அரிப்பதும் உண்மை. இரண்டையும் அவளிடம் சொன்னேன். "காலையில் எழுதுங்களேன்" என்றாள். அவ்வளவு எளிய வழி நாற்பது வருஷமாக எனக்குத் தோன்றியதே இல்லை.

இந்தக் கட்டுரை காலை வேளைகளில் எழுதியது.