வழிநடையும் வாசற்படியும்

நெடுந்தூரம் கால்நடையாகச் செல்லும் ஒருவன், வழியில் ஓர் ஊரில் தங்குகிறான். அன்று முழுவதும் ஒரு மைல்கூட முன்னேறவில்லை. உண்கிறான், உறங்குகிறான், துணி துவைக்கிறான், மறுநாள் புறப்படுகிறான். அந்த ஒரு நாளை எந்தக் கணக்கில் எழுதுவது? லாபத்திலா, நஷ்டத்திலா? அந்த ஓய்வு அவன் உழைத்துச் சம்பாதித்த உரிமையா? அல்லது பிறர் அவனுக்கு அளித்த உதவியா? பார்வைக்கு அற்பமான கேள்விதான். ஆயினும் இதனைச் சற்று அவிழ்த்துப் பார்த்தால், மனிதன் மனிதனுக்கு எவ்வளவு கடன்பட்டவன் என்னும் பெரிய கேள்வி இதனுள்ளே இருப்பதை நேயர்கள் காணலாம்.

வெறும் வாதமாகப் பேசாமல், நடைமுறையில் உள்ள ஓர் உதாரணத்தைக் கொண்டே ஆராய்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் பகுதியில், அப்பலேச்சியன் மலைத்தொடர் நெடுகிலும் ஒரு நடைபாதை செல்கிறது. பென்ட்டன் மெக்காய் என்பவர் 1921-ம் ஆண்டில் இதற்கான யோசனையை வெளியிட்டார். 1937-ல் பாதை முழுமை பெற்றது. தெற்கே ஜார்ஜியாவிலுள்ள ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, வடக்கே மேய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் இது முடிகிறது. நீளம் ஏறத்தாழ 2,190 மைல். முழுவதையும் ஒரே பிரயாணமாக நடந்து முடிக்கப் பெரும்பாலோருக்கு ஐந்து முதல் ஏழு மாதங்கள் ஆகின்றன. கூடாரம், போர்வை, அடுப்பு, ஆகாரம் யாவும் முதுகிலேயே போக வேண்டும். எவ்வளவு பலசாலியானாலும் சில நாட்களுக்கு வேண்டிய ஆகாரத்தையே சுமக்க முடியும். ஆகவே சில நாட்களுக்கு ஒரு முறை மலையை விட்டு ஊருக்கு இறங்கியே தீர வேண்டும்.

சில ஊர்களில் பாதையே தெருவாகி விடுகிறது. வட கரோலினாவில் ஹாட் ஸ்ப்ரிங்ஸ் என்று ஓர் ஊர். வர்ஜீனியாவில் டமாஸ்கஸ் என்று மற்றோர் ஊர். சிரியாவின் பழம்பெரும் நகரத்தின் பெயரையே இந்தப் பின்னதற்குச் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் இங்கே வசிப்போர் ஆயிரம் பேருக்கும் குறைவு. காட்டு மரங்களில் வழிகாட்டியாகத் தீட்டப்பட்டுள்ள இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் உள்ள வெள்ளைப் பட்டை, இவ்வூர்களுக்குள் வந்ததும் கடைத்தெருக் கம்பங்களில் காணப்படுகிறது. தனியே காட்டில் வந்தவன், திடீரென்று மனிதர்களின் வாசற்படிகளுக்கு நடுவே நிற்கிறான்.

அவன் எப்படி நிற்கிறான்? பல நாள் குளிக்காத உடம்பு. வியர்வையில் ஊறிய சட்டை. தேய்ந்த சப்பாத்து, கொப்புளித்த பாதம், வளர்ந்த தாடி, அடங்காத பசி. முதலில் வெந்நீர், பிறகு சாப்பாட்டுக் கடை, பிறகு துணி வெளுக்கும் யந்திரம், பிறகு தபாலாபீஸ். தனக்குத் தானே முன்கூட்டி அனுப்பிய ஆகாரப் பார்சலை அங்கே வாங்கிக் கொள்கிறான். அன்று நடை இல்லை. இத்தகைய நாளுக்கு அவர்களுடைய பேச்சில் 'ஸீரோ' என்று பெயர். அதாவது, மைல் கணக்கில் சூன்யம்.

இந்தச் சூன்ய நாளைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஒரு சாரார், "ஊர்ச் சுகத்தில் மயங்கியவன் இலட்சியத்தை மறந்தவன், தங்கிய நாள் தோற்ற நாள்" என்கின்றனர். மறு சாரார், "பத்து நாள் மழையிலும் வெயிலிலும் நடந்தவன் அவன்; ஒரு நாள் கட்டிலில் படுக்க அவனுக்கு உரிமை உண்டு" என்கின்றனர்.

முதற் கூற்று நில்லாது. காயம் ஆறவும், தசை தேறவும், இழந்த பலம் திரும்பவும் ஓய்வு வேண்டும். ஓயாமல் நடந்தவன் கால் நரம்பு வீங்கி, நடையையே கைவிட்டு வீடு திரும்புவதும் உண்டு. ஆகவே ஓய்வு நடைக்கு விரோதி அன்று. நடையின் ஒரு பகுதியே.

இரண்டாம் கூற்றோ கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் அதில்தான் பெரிய பிழை மறைந்திருக்கிறது. அவன் பாடுபட்டான், உண்மை. யாருக்காகப் பாடுபட்டான்? தன் மன நிறைவுக்காக. அந்த ஊராருக்கு அவன் ஒரு கிணறு வெட்டவில்லை. ஒரு சுவர் எழுப்பவில்லை. தனக்காக நடந்த நடைக்கு மற்றவர் எப்படிக் கூலி கொடுக்கக் கடமைப்பட்டவர் ஆவர்?

"காசு கொடுத்துத்தானே தங்குகிறான்? கடன் எங்கிருந்து வந்தது?" என்று சிலர் கேட்கலாம். கட்டிலுக்குக் காசு கொடுத்தான், ஒப்புக்கொள்கிறோம். சோற்றுக்கும் கொடுத்தான். ஆனால் முன்பின் அறியாதவனை மலையடிவாரத்தில் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வந்தாரே ஒருவர், அவர் வைத்த நம்பிக்கைக்கு என்ன விலை? டமாஸ்கஸில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தார் 'தி பிளேஸ்' என்னும் எளிய விடுதியைப் பல ஆண்டுகள் நடத்தி, மதம் குலம் கேளாமல் வழிநடையாளர்களுக்கு இடம் கொடுத்திருக்கின்றனரே, அதற்கு என்ன விலை? அந்தப் பாதையே பெரும்பாலும் தொண்டர்களின் கையால் காக்கப்படுவது. விழுந்த மரத்தை அறுத்தவரையும், மங்கிய பட்டைக்கு மீண்டும் வெள்ளை பூசியவரையும், அவ்வழியே நடப்பவன் தன் ஆயுளில் ஒரு தடவை கூடச் சந்திக்கப் போவதில்லை. தன் காலால் நடந்ததாக அவன் நினைக்கிறான். எத்தனையோ பேருடைய கைகள் அவனைத் தாங்கி வந்தன என்பதை நின்று நினைத்துப் பார்க்க வாய்க்கும் நாள் இந்த ஓய்வு நாளே.

சரி, கடன் என்றால் யாரிடம் திருப்பிச் செலுத்துவது? விடுதிகளில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். தனக்கு மிகுதியான அரிசி, கயிறு, காலுறை முதலியவற்றை ஒருவன் அதில் போட்டுவிட்டுப் போகிறான். பின்னால் வருபவன் வேண்டியதை எடுத்துக் கொள்கிறான். கொடுத்தவனும் எடுத்தவனும் ஒருவரை ஒருவர் அறியார். நன்றி சொல்ல ஆள் இல்லை. நன்றியை எதிர்பார்க்கவும் ஆள் இல்லை. முன்னே சென்றவனிடம் பெற்றதைப் பின்னே வருபவனுக்குச் செலுத்துவது என்னும் ஏற்பாடு இது. பெரிய நீதி நூல் படியாதவருக்கும் இந்தப் பெட்டி நல்ல பாடம் போதிக்கிறது.

ஆனால் பின்னே வருபவன் என்றால் யார்? இன்னொரு வழிநடையாளன் மட்டும்தானா? இங்கேதான் நம் மனச்சாட்சி சோதனைக்கு வருகிறது.

1955-ம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டி இப்பாதை முழுவதையும் தனியே நடந்து முடித்தார். அப்போது அவருக்கு வயது 67. 11 பிள்ளைகளைப் பெற்றவர். கையால் தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சாதாரணக் கான்வாஸ் சப்பாத்துடன் மே மாதத்தில் புறப்பட்டு, செப்டம்பரில் கட்டாடின் மலை ஏறினார். வழியில் பல இல்லங்கள் அவருக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தன. சில இல்லங்கள் கதவைச் சாத்திக் கொண்டன. வாசலில் நின்ற கிழவி ஒருத்தியே. பத்திரிகைகளில் அவர் பெயர் வந்தபின், கண்டவர் மகிழ்ந்து வரவேற்றனர். பெயர் தெரியாதபோது அவர் நாடோடியாகத் தோன்றினார். தெரிந்த பிறகு வீராங்கனையானார். மாறியது அவரா, பார்த்தவரின் கண்ணா?

இனி ஒரு காட்சியை மனத்தில் கொண்டு வாருங்கள். சிற்றூர் ஒன்றின் சலவைக் கடை வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கின்றனர். இருவர் உடையும் அழுக்கு. இருவர் பக்கத்திலும் மூட்டை. இருவருக்கும் பசி. ஒருவன் உல்லாசமாக நெடுவழி நடப்பவன். மற்றவன் வேலை இழந்து, வீடிழந்து, போக்கிடமின்றி அலைபவன். முதல்வனிடம், "எங்கிருந்து புறப்பட்டாய்? இதுவரை எத்தனை மைல்?" என்று ஊரார் ஆவலுடன் விசாரிக்கின்றனர். மற்றவனிடம், "இங்கே என்ன வேலை? எப்போது போவாய்?" என்று விசாரிக்கின்றனர். முதல்வன் நாளையே நடையை நிறுத்தினால், அவனுக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடு உண்டு. மற்றவனுடைய பிரயாணத்துக்குக் கட்டாடின் மலை போன்ற முடிவு ஏதும் இல்லை. ஓய்வு யாருக்கு அதிகம் தேவை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கதவு யாருக்குத் திறக்கிறது?

ஊராரின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. "இவன் நாளைக்குப் போய்விடுவான், அவன் போகமாட்டானே!" என்று அவர்கள் எண்ணுவது சகஜமே. ஆனால் அந்த எண்ணத்தின் பொருள் யாது? நம்மிடம் அதிகம் தேவைப்படாதவனுக்கே நாம் தாராளமாகக் கொடுக்கிறோம் என்பதன்றோ? விருந்தோம்பல் என்று பெருமையாகச் சொல்லிக் கொள்வதில் பாதி, கேட்பதற்குச் சுவையான கதைக்கு நாம் கொடுக்கும் கட்டணமே என்று கூடச் சொல்லலாம்.

இந்த இடத்தில் நெடுவழி நடந்தவனுக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. வறுமையின் உடையைச் சில மாதங்களேனும் உடுத்திப் பார்த்தவன் அவன். மழையில் நனைந்து வந்து ஒரு கூரையைக் காண்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். தன்னை நாடோடி என்று நினைத்து ஒருவர் முகம் சுளித்ததும் அவன் நினைவில் இருக்கும். ஊர் திரும்பி, குளித்து, நல்ல சட்டை போட்ட பிறகு, தன் தெருமுனையில் மூட்டையுடன் உட்கார்ந்திருப்பவனைக் கண்டும் காணாதவன் போல் போவானாகில், அவன் 2,190 மைல் நடந்தும் கற்றுக் கொண்டது சொற்பமே.

விருந்தளித்தவர் வீட்டுக்கும் துன்பம் வரும் என்பதை மறக்கலாகாது. 2024-ம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஹெலீன் என்னும் புயல் வீசி, ஹாட் ஸ்ப்ரிங்ஸ், டமாஸ்கஸ் இரண்டு ஊர்களிலும் வெள்ளம் புகுந்தது. எத்தனையோ பேர் இளைப்பாறிய தெருக்களில் சேறு நிறைந்தது. மலையில் கணக்கற்ற மரங்கள் சாய்ந்து பாதை அடைபட்டது. தொண்டர்கள் பல மாதம் உழைத்து வழியைத் திறந்தனர். நேற்று வாசற்படியில் இடம் கொடுத்தவன், இன்று தானே கூரை தேடி நிற்க நேர்ந்தது. வருபவன் யார், தருபவன் யார் என்னும் பிரிவு எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆகவே நேயர்களே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுவாகும்: இளைப்பாறும் நாள் நஷ்டமும் அன்று, சம்பாதித்த உரிமையும் அன்று. அது நாம் பட்ட கடன். மைல் கணக்கில் அது சூன்யமாக இருக்கலாம்; மனிதக் கணக்கில் அதுவே பெரிய தொகை. அக்கடனைத் தந்தவரிடமே திருப்பிச் செலுத்த வாய்ப்புக் கிடைப்பது அரிது. ஆனால் நம் வாசலுக்கு எவனோ ஒருவன் என்றேனும் வருவான். அவனிடம் சொல்லத்தக்க கதை இராது. அவன் நாளைக்கே போய்விடுவான் என்னும் உறுதியும் இராது. அப்போது அவனை உட்காரச் சொல்லி ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்போமாயின், நம் கடனில் ஒரு காசாவது தீர்ந்ததாகும்.