மனச்சோர்வும் முன்வினையும்

கும்பகோணத்திலிருந்து மாயூரம் செல்லும் சாலையில் உள்ள திருவிடைமருதூருக்கு, சித்தம் கலங்கியவர்களையும் காரணம் சொல்ல இயலாமல் அழுதுகொண்டேயிருப்பவர்களையும் உறவினர் அழைத்து வருவது காவிரிக் கரையில் நெடுநாளைய வழக்கம். தன் குதிரையின் குளம்படியில் அறியாமல் ஓர் அந்தணன் மடிந்துபோக, அப்பாவம் பிரமஹத்தியாக உருக்கொண்டு பற்றியதால் நிம்மதியிழந்த வரகுண பாண்டியன், மகாலிங்க சுவாமியின் சந்நிதியை நாடிக் கீழை வாயில் வழியே நுழைந்தபோது அது வாயிலிலேயே நின்றுவிட்டதென்றும், அவன் மேலை வாயில் வழியே வெளியேறி உய்ந்தானென்றும் தலபுராணம் கூறும். வேண்டுமென்று செய்யாத செயலுக்காக வாடிய ஒருவனைத் தண்டிக்க முற்படாமல், வெளியேற ஒரு வழியை அக்கோயில் அவனுக்குக் காட்டிற்று என்பதே இக்கதையில் நான் பெரிதும் போற்றுவது.

இவ்வாறு பாவத்தின் நிழலாகவும் பேயின் சேஷ்டையாகவும் கருதப்பட்டு வந்த மனோவியாகூலத்தின் வேரை இக்கால விஞ்ஞானம் மரபணுக்களில் தேடுகிறது. மனச்சோர்வுக்கு ஆளாவதில் மனிதருக்கு மனிதர் காணும் வேற்றுமையில் ஏறத்தாழ 37 சதவீதம் பரம்பரையைச் சார்ந்தது என்று, இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். வாழ்க்கையில் இடி விழுந்தால் யார் சோர்ந்துபோவார் என்பதைச் செரடோனின் என்னும் இரசாயனத்தோடு தொடர்புடைய ஒரே மரபணு காட்டிவிடும் என்று 2003இல் எழுந்த நம்பிக்கை, 2019இல் லட்சக்கணக்கானோரின் தகவல்களைக் கொண்டு சோதித்தபோது நிலைக்கவில்லை. 2025இல், 29 நாடுகளிலிருந்து திரட்டிய தகவல்களில் மனச்சோர்வு கண்ட ஏறத்தாழ 6,88,000 பேரை ஆராய்ந்த பெருமுயற்சியொன்று 697 மரபணு வேறுபாடுகளைக் குறித்தது. அவை ஒவ்வொன்றின் பங்கும் மிகமிகச் சிறிது, அவற்றுள் பலவற்றைச் சுமக்காத மனிதர் எவருமில்லை. நம் மக்களிடையே இத்தகைய ஆராய்ச்சி மனச்சிதைவு நோயைப் பற்றி நடந்திருக்கிறது: டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தோற்றுவித்த ‘ஸ்கார்ஃப்’ நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து ஏறத்தாழ 3,000 பேரை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவு, நியாசின் என்னும் வைட்டமினை உடல் பயன்படுத்திக்கொள்ள உதவும் ஒரு மரபணுவின்பால் கவனத்தைத் திருப்பிற்று. நியாசின் குறைந்தால் வரும் பெல்லாக்ரா நோய் தோலையும் குடலையும் கெடுப்பதோடு புத்தியையும் கலக்கும் என்பது வைத்தியர்கள் முன்பே அறிந்தது.

ஆஸ்திக உள்ளத்தில் இங்கே ஓர் அச்சம் எழுகிறது. துக்கமும் பயமும் அணுக்களின் காரியமென்றால் ஆன்மாவுக்கு என்ன மிஞ்சுகிறது? ஆனால் இந்த அச்சம் நம் சமயத்துக்கு உரியதே அன்று. திருவாவடுதுறையிலும் தருமபுரத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லப்பட்டு வரும் சைவ சித்தாந்தம், மனத்தை ஒருபோதும் ஆன்மா என்று சொன்னதில்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கு அந்தக்கரணங்களும் மாயையிலிருந்து தோன்றிய சடப்பொருள்கள். ஆன்மாவோ அவற்றுள் ஒன்றாகாமல், அமைச்சரைக் கொண்டு ஆளும் அரசன்போல அவற்றோடு கூடி நிற்பது என்று சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் விளக்குகிறது. உணவினாலும் மருந்தினாலும் பரம்பரையினாலும் மாறுபடுவது சடத்தின் இயல்பாதலின், மனம் அவ்வாறு மாறுபடுகிறது என்று ஒரு விஞ்ஞானி நிறுவும்போது, பதினெட்டாம் நூற்றாண்டில் திருவாவடுதுறையிலிருந்து சிவஞான மாபாடியம் இயற்றிய முனிவர் அதைக் கேட்டிருந்தால் திடுக்கிட்டிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

இதனினும் நுட்பமான ஓர் இடம் அந்தத் தரிசனத்தில் உண்டு. ஆன்மாவின் கிரியையை எழுப்புவது கலை என்னும் தத்துவம், அறிவை விளக்குவது வித்தை, இச்சையைத் தூண்டுவது அராகம். இம்மூன்றும் மாயையின் காரியங்களே. செயலூக்கமும் விருப்பமுங்கூட நமக்குச் சொந்தமல்ல, கருவிகளின் வழியே வந்து சேர்ந்தவை என்பதே இதன் கருத்தாயின், அவை ஒருவரிடத்தில் மங்கிப்போனதற்காக அந்த ஆன்மாவை நிந்திப்பது எப்படித் தகும்? “தைரியமாக இரு, மனத்தைத் திடப்படுத்திக்கொள்” என்று நாம் உபதேசிக்கிறோமே, திடப்படுத்த வேண்டிய கருவியே அல்லவா பழுதுபட்டிருக்கிறது! நம் குடும்பங்களில் நடக்கும் வேறொரு தவறும் இங்கே புலனாகிறது. உண்ணாமலும் பேசாமலும் திண்ணையில் கிடக்கும் பெரியவரைப் பார்த்து, “அண்ணாவுக்கு வைராக்கியம் வந்துவிட்டது” என்று பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். வைராக்கியம் உடையவருக்கு உலகப் பற்று நீங்கும்தோறும் ஈசனிடத்துப் பற்று மிகும். மனச்சோர்வு கண்டவரோ பூஜையில் அமரவும் விருப்பமற்று, விபூதி இட்டுக்கொள்ளவும் கை எழாமல், சுவாமியும் தம்மைக் கைவிட்டதாக நினைத்து நைந்துபோகிறார். முன்னவரை வணங்கலாம், பின்னவரை அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

அப்படியானால், இத்தகைய கரணத்தைப் பெற்றதே அவருடைய முன்வினைப் பயன்தானே என்று ஒருவர் கேட்கலாம். தனுவாகிய உடலும் கரணமும் கன்மத்துக்கு ஏற்பவே அமைகின்றன என்று சித்தாந்தம் சொல்வதால் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. ஆயினும் அந்தக் கணக்கை அறிந்து கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே என்றும், அதுவும் மலம் நீங்கி உயிர் பக்குவப்படும்பொருட்டே என்றும் அதே சாஸ்திரம் சொல்லுகிறது. பக்கத்து வீட்டுக்காரனின் ஜன்மாந்திரக் கணக்கைப் புரட்டித் தீர்ப்புக் கூறும் அதிகாரத்தை அது யாருக்கும் வழங்கவில்லை. சீகாழியில் அவதரித்த ஞானசம்பந்தர், திருச்செங்கோட்டில் தம் அடியார்கள் குளிர்சுரத்தால் வாடியபோது, எல்லாம் வினை என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழியை நாடாமலிருப்பது குறையென உணர்த்தித் திருநீலகண்டப் பதிகம் பாடி அந்நோயைத் தீர்த்தார். வினையை நம்பியவரே வினையின் பெயரால் சும்மா இருப்பதை ஏற்கவில்லை என்பதை நம்மவர் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை.

சிந்திக்காததன் பயனை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கண்டோம். அங்குள்ள தர்காவை அடுத்த காப்பகத்தில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயிலிருந்து தப்பி ஓட வழியின்றி மாண்டனர். அதற்காகக் கோயில்களையும் தர்காக்களையும் பழிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். பெங்களூர் நிமான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், தமிழகக் கிராமமொன்றில் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பரிசோதித்து 2002இல் எழுதிய கட்டுரையில், மருந்தின்றியே அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்திருந்ததாகத் தெரிவித்தனர். அங்கே விலங்கில்லை, அடியில்லை. உறவினர் உடனிருக்க, சிறு சிறு கோயிற்பணிகள் செய்துகொண்டு அவர்கள் வாழ்ந்தனர். மீதி நான்கு பங்குக்கு வைத்தியம் வேண்டும் என்பதும் அதே கணக்கிலிருந்து தெளிவாகிறது.

பரம்பரை என்பது தலைவிதியாகிவிடாது என்பதற்கு நம் வயல்களே சாட்சி. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் அரசாங்கம் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்த நாட்களில், ஒரே வாய்க்காலின் கடைமடையில் சம்பாப் பயிர் கருகியதைக் கண்ட இருவரில் ஒருவர் கடனை எண்ணி மனமுடைந்து போனார், மற்றவர் உளுந்து விதைக்கலாமா என்று யோசித்தார். அவ்விருவரையும் வேறுபடுத்தியதில் மரபணுவுக்கு ஒரு பங்கு இருந்திருக்கக்கூடும்; ஆனால் தண்ணீர் வந்திருந்தால் முன்னவரும் அறுவடை வேலையில் மூழ்கியிருப்பார். இதை அறியாமல், ‘அந்த வம்சத்தில் பைத்தியம் உண்டு’ என்று சொல்லிப் பெண் கொடுக்க மறுப்பவர்களும், அந்தப் பயத்தால் நோயை மூடி மறைப்பவர்களும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். பாட்டனார் ஒரு போகம் முழுவதும் வயல் பக்கமே போகாமல் படுத்திருந்தார், அத்தை கிணற்றில் விழப்போனாள் என்னும் செய்திகளைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் பேரப்பிள்ளையோடு போய் உட்காரும் பெற்றோர் கூசாமல் சொல்லுவார்களானால், வைத்தியர் நோயை விரைவில் இனங்காணவும், முன்பு அக்குடும்பத்தில் ஒருவருக்குக் குணமளித்த மருந்து ஏதேனும் இருந்தால் அதை முதலில் கருதிப் பார்க்கவும் அது உதவும்.