லேஸ் போர்வையும் அதற்குள் போன நேரமும்

கம்பளி நூலில் லேஸ் பின்னுவது, இடம் பார்த்துத் துளை விடும் வேலை. ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. பின்னிக்கொண்டு போகையில் ஓரிடத்தில் நூலை ஊசியின்மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் அங்கே துளை விழும், கண்ணியும் ஒன்று கூடும். கூடியதைச் சரிக்கட்ட, பக்கத்தில் எங்காவது இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும். லேஸில் காணும் இலைகளும் அலைகளும் கட்டங்களும் இந்தச் சுற்றையும் சேர்ப்பையும் எங்கெங்கே வைப்பது என்பதிலிருந்தே பிறக்கின்றன. நம் வீடுகளில் மேசை விரிப்புக்கும் தலையணை ஓரத்துக்கும் போடுகிற குரோஷா வேறு. அதில் கொக்கி ஊசி ஒன்று. பெரும்பாலும் கையில் நிற்பது ஒரே ஒரு கண்ணி. இங்கே ஒரு வரிசையின் கண்ணிகள் முந்நூறானாலும் ஐந்நூறானாலும் எல்லாமே ஊசியில் காத்திருக்கும். ஒன்று நழுவினால் கீழே பல வரிசைகள் வரை பிரிந்துகொண்டே போகும்.

இந்த முறையில் ஆளைப் போர்த்தும் அளவுக்குப் பெரிய போர்வை ஒன்றைப் பின்னி, பிள்ளையின் திருமணத்துக்கோ பேரக்குழந்தையின் பிறப்புக்கோ கொடுப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். வேலை மாதக்கணக்கில் இழுக்கும். கொடுக்கும் நாளில் இருவர் மனத்திலும் ஒரு சங்கடம் எட்டிப்பார்க்கும். இவ்வளவு பாடுபட்டதை இவர்கள் எப்படி வைத்துக்கொள்வார்களோ என்று கொடுப்பவருக்கு; இவ்வளவு பாடுபட்டதற்கு என்ன செய்து ஈடுகட்டுவது என்று வாங்குபவருக்கு. அன்பளிப்பில் போன உழைப்பு வாங்கியவர் தலையில் கடனாக ஏற வேண்டுமா என்பதுதான் இங்கே கேள்வி. இந்தக் கைவேலை மிக ஆழமாக வேரூன்றிய இடங்களில் ஒன்றான ஷெட்லாண்ட் தீவுகளின் கதையை வைத்து இதை யோசிக்கலாம்.

ஷெட்லாண்ட், ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலுக்குள் தள்ளி, ஏறக்குறைய 60 பாகை வட அட்சரேகையில் கிடக்கும் தீவுக்கூட்டம். மரம் அரிது, காற்று ஓயாது. அங்குள்ள ஆடு சிறிய இனம். அதன் கம்பளி மென்மையானது. கோடைத் தொடக்கத்தில் பழைய ரோமம் தானாகவே தளரும்போது, கத்தரிக்காமல் கையாலேயே உருவி எடுப்பது பழைய வழக்கம். வெட்டுப்படாததால் இழையின் நுனி மெல்லியதாகவே இருக்கும். கழுத்துப் பகுதியின் ரோமம் எல்லாவற்றிலும் நைசானது. லேஸுக்கு அதைத் தனியே ஒதுக்கிவைப்பார்கள். வெள்ளை, சாம்பல், பழுப்பு, கருப்பு என்று ஆட்டின் நிறங்களே பல இருப்பதால் சாயம் போடாமலே பல நிற நூல் கிடைத்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த நூலில் லேஸ் பின்னும் கலை அங்கே செழித்தது. வடகோடியில் இருக்கும் அன்ஸ்ட் தீவு அதில் பெயர்பெற்றது. தீவுகளில் பிறந்து, பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராக உயர்ந்த ஆர்தர் ஆண்டர்சன், ஷெட்லாண்ட் காலுறைகளை விக்டோரியா அரசிக்குப் பரிசாக அளித்து வெளியுலகின் கண்ணில் படவைத்தார். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியிலும் ஷெட்லாண்ட் சால்வைகள் இடம்பெற்றன. ஆறடிச் சதுரமாக இருந்தும் 100 கிராமைத் தொடாத சால்வைகள் உண்டு. முழுச் சால்வையையும் ஒரு கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடலாம் என்பதால் அவற்றுக்கு மோதிரச் சால்வை என்றே பெயர்.

அந்தப் புகழுக்குப் பின்னால் இருந்த கணக்கு நியாயமானதல்ல. பின்னிய பெண்களுக்கு வியாபாரிகள் பெரும்பாலும் காசு கொடுக்கவில்லை. தேயிலையும் துணியும் கொடுத்தார்கள், அல்லது கடையில் காட்டிப் பொருள் வாங்கிக்கொள்ளும் சீட்டு கொடுத்தார்கள். அரசு அமைத்த விசாரணையில், அதை நடத்திய வில்லியம் கத்ரி முன் 1872-இல் பல பெண்கள் இதைச் சாட்சியமாகவே சொன்னார்கள். சால்வை எவ்வளவு நைசாக இருந்தாலும் அதைக் கொண்டு மாவு வாங்கவோ வாடகை கட்டவோ முடியாத நிலை. அன்பளிப்பைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. கைவேலையின் நேரத்துக்கு விலை உண்டு. விற்கும் இடத்தில் அந்த விலையை முழுதாகக் கொடுத்தாக வேண்டும். உறவுக்குப் பின்னும்போது மட்டும், பின்னுபவர் தன் விருப்பப்படி அந்தக் கணக்கை எழுதாமல் விடுகிறார். விருப்பத்தோடு விட்டதை அப்புறம் பார்வையாலோ பேச்சாலோ வசூலிக்கப் பார்த்தால், கொடுத்தது கொடுத்ததாகாது.

விற்பனைக்குப் போன மெல்லிய சால்வைகளைவிட இந்தக் கேள்விக்கு நெருக்கமானது ‘ஹாப்’ என்று தீவினர் அழைக்கும் அன்றாடப் போர்வை. நூல் சற்றுத் தடிப்பு. நடுவில் வேலைப்பாடில்லாத சதுரம். சுற்றிலும் அலை அலையான அகலக் கரை. கடைசியில் பற்கள் போன்ற லேஸ் விளிம்பு. கரையில் வெள்ளையிலிருந்து பழுப்புக்கோ சாம்பலுக்கோ நிறம் படிப்படியாக மாறிப்போகும். பெண்கள் இதைத் தோளில் போட்டு மார்பின் குறுக்கே கொண்டுபோய் முதுகில் முடிந்துகொண்டு வேலைக்குப் போவார்கள். கைக்குழந்தையைச் சுற்றியதும் இதில்தான். குடும்பத்துக்கென்று பின்னப்பட்டு, உடுத்தி, துவைத்து, நைந்துபோன பொருள் இது. மோதிரத்துக்குள் நுழையும் சால்வையைப் பார்த்து வியக்கலாம். வீட்டுக்குக் கொடுக்க ஹாப்தான் சரி.

அந்தக் கரைக்கு வழக்கமாக வரும் ஓல்டு ஷேல் என்ற வேலைப்பாட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பொதுவாக எழுதப்படும் வடிவத்தில் 18 கண்ணிகள் ஒரு தொகுதி, நான்கு வரிசைகள் ஒரு சுழற்சி. மூன்று வரிசைகளில் யோசிக்க எதுவுமில்லை, நேராகப் பின்னிக்கொண்டு போகலாம். ஒரு வரிசையில் மட்டும் இரண்டிரண்டாகச் சேர்ப்பது மூன்று முறை, பிறகு ஒரு சுற்று ஒரு கண்ணி என்று ஆறு முறை, மீண்டும் இரண்டிரண்டாக மூன்று முறை. குறைந்தது ஆறு, கூடியது ஆறு, கணக்கு நேராகிவிடும். சேர்த்த இடம் துணியை உள்ளே இழுக்கும், சுற்றிய இடம் வெளியே தள்ளும். அந்த இழுபறியில் நேர்க்கோடு வளைந்து அலையாகிறது. மூன்று வரிசை ஓய்வும் ஒரு வரிசை கவனமும் என்பதால், பேச்சுக்கு நடுவிலும் கை தவறாது. ஷெட்லாண்ட் பெண்கள் நடந்துகொண்டே பின்னினார்கள். இடுப்பில் கட்டிய தோல் பட்டையில் குதிரைமயிர் அடைத்த, துளைகள் போட்ட ஒரு திண்டு இருக்கும். ஊசியின் ஒரு முனையை அந்தத் துளையில் செருகிவிட்டால் ஊசி அசையாது, விரல்கள் வேகமாக ஓடும். முதுகில் எரிபொருளுக்கான கரிமண் கட்டிகள் நிரம்பிய கூடை, கையில் பின்னல். வறுமை விதித்த வேகம் அது; அழகான காட்சி என்று மட்டும் பார்ப்பது சரியல்ல. இன்று பொழுதுபோக்காகப் பின்னுபவருக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆனாலும் வீட்டாரோடு உட்கார்ந்து பேசியபடியே பின்னக்கூடிய வேலைப்பாட்டைத் தேர்ந்தால் பின்னும் மாதங்கள் குடும்பத்திடமிருந்து பறித்தவையாக இருக்காது. வரைபடத்தை விட்டுக் கண் எடுக்கவே முடியாத வேலைப்பாட்டை எடுத்துக்கொண்டு, யாருக்காகப் பின்னுகிறோமோ அவர்களையே பேசாமலிருக்கச் சொல்லும்படி ஆவது பரிதாபம்.

நேரம் எங்கே போகிறது என்பதை எண்களில் பார்ப்பது நல்லது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) வகுத்த வட்டச் சால்வை ஒன்று உண்டு. வட்டத்தின் விட்டம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும் என்ற வடிவியலே அதன் அடிப்படை. அதனால் ‘பை (π) சால்வை’ என்று பெயர். நடுவில் 9 கண்ணிகளோடு தொடங்கி, 18, 36, 72, 144, 288, 576 என்று ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணிகளை இரட்டிப்பாக்க வேண்டும். இடையில் பின்ன வேண்டிய சுற்றுகளும் 3, 6, 12, 24, 48, 96 என்று இரட்டிக்கும். பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 73,000-க்கும் மேற்பட்ட கண்ணிகள். அவற்றில் கடைசிக் கட்டம் மட்டும் 55,296. அதாவது முக்கால் பங்கு. நிமிடத்துக்கு முப்பது கண்ணி போடும் கைக்கு அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். பாதியை எட்டிவிட்டோம் என்று விட்டத்தைப் பார்த்து நினைக்கும்போது உண்மையில் வேலை கால்வாசிதான் முடிந்திருக்கும். பெரிய போர்வைகள் பல பாதியிலேயே பைக்குள் போய் உறங்குவது இந்த இடத்தில்தான். தொடக்கத்தின் உற்சாகம் தீர்ந்து, முடிவும் கண்ணுக்குத் தெரியாத அந்த நீண்ட வெளியில் கையை நகர்த்துவது யாருக்கு என்ற நினைவு ஒன்றுதான். அந்த நினைவே பின்னுபவருக்குக் கிடைக்கும் பங்கு என்று சொல்லலாம். பிறக்கப்போகும் குழந்தையை, ஊர்விட்டுப் போன மகனை, தினம் ஒரு மணிநேரம் மனத்தில் வைத்திருக்க வேறெந்த வேலை இவ்வளவு இடம் கொடுக்கிறது? போன நேரத்துக்கான பலனை அவர் அப்போதே அனுபவித்துவிடுகிறார். கொடுக்கும் நாளில் பாக்கி எதுவும் இல்லை.

பிழைகளுக்கு ஒரு பழகிய ஏற்பாடு உண்டு. ஒரு வேலைப்பாட்டுச் சுழற்சி சரியாக முடிந்ததும், வேறு நிறத்தில் ஒரு மெல்லிய பருத்தி நூலைத் தையலூசியில் கோத்து அந்த வரிசையின் எல்லாக் கண்ணிகளிலும் நுழைத்துவிடுவார்கள். பின்னால் ஏதேனும் தவறினால் தைரியமாகப் பிரிக்கலாம். பிரிவு அந்த நூலோடு நின்றுவிடும். இருந்தாலும் எல்லாத் தவற்றுக்கும் பிரிக்க வேண்டியதில்லை. நழுவிய கண்ணியைக் கட்டாயம் பிடிக்க வேண்டும், விட்டால் துணி ஓடிவிடும். இடம் மாறி விழுந்த ஒரு துளையோ பல்லாயிரம் கண்ணிகளுக்கு நடுவே யார் கண்ணிலும் படப்போவதில்லை. அதை அப்படியே விட்டு மேலே போகிறவரே பெரும்பாலும் போர்வையை முடிக்கிறவர்.

ஊசியிலிருந்து இறக்கியதும் லேஸ் பார்க்கச் சகிக்காது. சுருங்கி, கசங்கி, வேலைப்பாடு எதுவும் தெரியாமல் கிடக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, நான்கு புறமும் இழுத்து ஊசி குத்தி உலரவிட வேண்டும். ஷெட்லாண்டில் இதற்கு மரச் சட்டங்கள் உண்டு. விளிம்பின் ஒவ்வொரு பல்லையும் நூலால் கோத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். ஈரக் கம்பளி இழுத்த வாக்கில் வளைந்துகொடுத்து, உலர்ந்ததும் அந்த வடிவிலேயே நிற்கும். துளைகள் அப்போதுதான் திறக்கும். அளவும் கணிசமாகக் கூடும்.

இயந்திரமும் லேஸ் பின்னும். 2013-இல் பிரிட்டிஷ் இளவரசர் ஜார்ஜ் பிறந்து மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தபோது அவரைச் சுற்றியிருந்த லேஸ் சால்வை, நாட்டிங்ஹாம் பகுதியைச் சேர்ந்த ஜி.எச். ஹர்ட் அண்ட் சன் என்ற நிறுவனத்தினுடையது. நேர்த்தியில் அத்தகைய சால்வைக்குக் குறை சொல்ல முடியாது. ஆகவே அழகுக்காக மட்டும் கையால் பின்ன வேண்டும் என்ற வாதம் நிற்காது. இன்னாருக்கென்று நினைத்து நூலும் நிறமும் அளவும் தேர்ந்தெடுப்பதுதான் கைவேலையின் வலு. அப்படியானால் அந்தத் தேர்வை வாங்குபவரின் வாழ்க்கையைப் பார்த்துச் செய்வதே முறை. அவர்கள் வீடு குளிரா, வெயிலா? இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் கையால் துவைக்க யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லையென்றால், சலவை இயந்திரம் தாங்கும்படி பதப்படுத்திய கம்பளி நூல் கடையில் கிடைக்கிறது. மரபு கெடும் என்று அதை ஒதுக்குவது பின்னுபவரின் பெருமைக்கு மட்டுமே உதவும். குழந்தைக்கென்றால் துளைகள் சிறியதாக இருக்க வேண்டும், பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். கைக்குழந்தை தூங்கும் தொட்டிலில் தளர்வான போர்வை எதையும் விட வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதால், அந்தப் போர்வை குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும்போது சுற்றவும், வளர்ந்தபின் போர்த்தவும்தான். இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டால் ஆச்சரியம் போய்விடுமே என்று தயங்குபவர்கள் உண்டு. ஆச்சரியம் அந்த ஒரு நாளோடு தீர்ந்துவிடும், போர்வை பல வருடம் வீட்டில் இருக்கும்.

கொடுத்தபின் நடக்கும் சோகம் ஒன்று உண்டு. அருமை தெரிந்தவர்களே, அருமை தெரிந்த காரணத்தால், அதை மடித்து அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள். கம்பளிக்கு இதைவிடக் கேடு இல்லை. கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு, ரோமத்திலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வளர்வது; இருட்டான, யாரும் கை வைக்காத இடம்தான் அதற்குப் பிடித்தம். அழுக்கும் வியர்வையும் படிந்த கம்பளி இன்னும் விருப்பம். அடிக்கடி எடுத்துப் போர்த்தி, உதறி, காற்றாட விட்டு, அழுக்கானால் அலசி வைக்கும் போர்வையைப் பூச்சி எளிதில் அண்டாது. கொடுப்பவர் வாய்திறந்து சொல்ல வேண்டியது இதைத்தான்: எடுத்துப் போர்த்துங்கள், கறை பட்டால் துவையுங்கள், கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். எத்தனை மாதம் பின்னினேன் என்ற கணக்கைச் சொன்னாலோ, போர்வை மறுபடி அலமாரிக்கே போய்விடும்.

போர்வையோடு சில பொருள்களையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. நூல் என்ன, எப்படித் துவைப்பது என்று எழுதிய ஒரு சீட்டு. அதே சாயத் தொகுதியைச் சேர்ந்த மிச்ச நூலில் ஒரு சிறு உருண்டை. ஊசியின் அளவும் வேலைப்பாட்டின் வரைபடமும். லேஸ் போர்வையில் முதலில் நைவது விளிம்புதான். விளிம்பைக் கடைசியில் சேர்த்துப் பின்னியிருந்தால், நைந்த பகுதியை மட்டும் பிரித்து நடுப்பகுதிக்குச் சேதமில்லாமல் புதிதாகப் பின்னிவிடலாம். அதற்கு முதலில் பின்னியவரே வர வேண்டும் என்பதில்லை. வரைபடம் படிக்கத் தெரிந்த யாரும் அந்த உருண்டையை வைத்துச் செய்துவிடுவார்கள்.