செத்துக்கொண்டா, செத்தா?

ஜப்பானிய மொழியில் 'தபெத்தெ இரு' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அப்படியானால் ஒருவனைப் பார்த்து 'ஷிந்தெ இரு' என்றால்? செத்துக்கொண்டிருக்கிறான் என்று ஆம்புலன்ஸுக்கு ஓடாதீர்கள். ஆள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தாச்சு. செத்து, அந்த நிலையில் இருக்கிறான் என்று அர்த்தம்.

(இந்த 'இரு' நம்ம 'இரு'தானா என்று உடனே புல்லரிக்க வேண்டாம். சுசுமு ஓனோ என்ற அறிஞர் தமிழ்-ஜப்பானிய உறவுக்காகப் பல வருஷம் வாதாடினார். பெரும்பாலான மொழியியல்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.)

சாப்பிட நேரம் பிடிக்கும். சாவு ஒரு கணம். கணத்தில் முடிகிற வினையோடு 'இரு' சேர்ந்தால், முடிந்தபின் மிஞ்சுவதைச் சொல்கிறது. 1950-ல் கிந்தாயிச்சி ஹருஹிகோ ஜப்பானிய வினைகளை இந்தக் கணக்கில் நான்கு வகையாகப் பிரித்தார்.

எனக்குப் பிடித்தது, குணங்களையும் அவர்கள் இப்படிச் சொல்வதுதான். 'ஃபுதொத்தெ இரு': பருத்து, அப்படியே இருக்கிறான். நாம் 'குண்டன்' என்று ஒரே வார்த்தையில் ஆளை முடித்துவிடுகிறோம். 'ஒகொத்தெ இரு': கோபம் வந்து, அது இன்னும் போகவில்லை. அதாவது அதற்கு முன்னால் கோபமில்லாத ஒரு நேரம் இருந்தது. முன்கோபிக்கு அவர்களிடமும் தனி வார்த்தை உண்டு. இலக்கணம் யாரையும் நல்லவனாக்கிவிடாது. இருந்தாலும் 'அவன் இப்படி' என்பதற்கும் 'இப்படி ஆகியிருக்கிறான்' என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா? இரண்டாவதைக் கேட்டால் 'ஏன், என்ன ஆச்சு?' என்று கேட்கத் தோன்றும்.

எங்கள் உறவில் ஒரு பெரியவர். பேரே சிடுமூஞ்சி மாமா. வீட்டுக்குள் பந்து விழுந்தால் திரும்பி வராது. அவர் காரியத்தன்றுதான் பாட்டி சொன்னாள், மூத்த பிள்ளை ஜுரத்தில் போகும்வரை தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பட்டம் ஒட்டிக் கொடுத்தவராம்.

இங்கே நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் கிந்தாயிச்சியின் நாலாவது வகை விடவில்லை. 'சொபியெத்தெ இரு': மலை ஓங்கி நிற்கிறது. சாலைக்கு 'மகத்தெ இரு': வளைந்திருக்கிறது. நாமும் அப்படித்தான் சொல்கிறோம். யார் வளைத்தது? யாருமில்லை. போட்டபோதே வளைவாகப் போட்டது. நடக்காத ஒன்றை நடந்ததுபோல இலக்கணம் பொய் சொல்கிறது.

மாமா வளைந்தவரா, வளைவாகவே போட்ட சாலையா? பாட்டிக்குப் பிள்ளைப்பாசம் அதிகம். தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டாள். அவரையே கேட்டிருக்கலாம். அந்தப் பக்கம் நாங்கள் போனதெல்லாம் பந்தைத் தேடித்தான்.